சின்ன ஜீப்புக்குப் பெரிய எஞ்சின்: 1.3, 1.6, டீசல், எதைப் போடுவது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மழை ஓய்ந்து மூன்று நாளான ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. பின்னால் ஆறு மூட்டை பசளை, மூட்டைக்கு 50 கிலோ. வாய்க்கால் கட்டில் ஏறும்போது சுசுக்கி எஸ்ஜே410 ஜீப் இருமி நின்றுவிடுகிறது. அதே வண்டி செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியைப் பிடித்தால் மகா ஓயா வரை பரவாயில்லை. லுணுகலை ஏற்றத்தில் இரண்டாவது கியரை விட்டு எழும்பாமல், பின்னால் வரும் பஸ்ஸிடம் ஹோனடி வாங்குகிறது. இரண்டுக்கும் கராஜில் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "பெரிய எஞ்சின் ஒண்டு போடுவம்."

இரண்டும் ஒரே நோயல்ல. கட்டில் நின்றுபோவது பெரும்பாலும் கியர் விகிதத்தின் குறை. ஏற்றத்தில் வேகம் விழுவதுதான் எஞ்சினின் குறை. எது உங்களுடைய கரைச்சல் என்று முதலில் பிரித்துக்கொள்ளாமல் எஞ்சின் வாங்கக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால், காசைக் கொட்டிவிட்டு அதே சேற்றில் அதே இடத்தில் நிற்க நேரும்.

முதலில் கணக்கு

எஸ்ஜே410இல் உள்ள எஃப்10ஏ எஞ்சின் 970 சீசீ. சுமார் 45 குதிரைவலு, 74 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அதற்குப் பின் வந்த எஸ்ஜே413இன் 1.3 லீற்றர் எஞ்சின் (ஜீ13) சுமார் 63 குதிரைவலு, 100 நியூட்டன் மீற்றர். சுசுக்கியின் விட்டாரா, எஸ்குடோவில் வந்த எட்டு வால்வு ஜீ16ஏ 1590 சீசீ. சுமார் 80 குதிரைவலு, 129 நியூட்டன் மீற்றர். டவுன்ஏஸ் வேன்களில் வந்த டொயோட்டா 2சீ டீசல் 1974 சீசீ. 73ஐ ஒட்டிய குதிரைவலு, 130ஐ ஒட்டிய நியூட்டன் மீற்றர்.

இதை மட்டும் பார்த்தால் 1.6தான் ராஜா. ஆனால் சேற்றில் சில்லைச் சுற்றுவது எஞ்சினின் விசை மட்டுமல்ல, கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் (முன், பின் சில்லுகளுக்கு விசையைப் பிரித்து, ஹை, லோ என்று இரண்டு கியர் தரும் பெட்டி), டிஃபரன்ஷல் மூன்றும் பெருக்கிக் கொடுக்கும் விசை. எஸ்ஜே410இன் டிஃபரன்ஷல் 4.11, ட்ரான்ஸ்பர் லோவில் 2.511, நாலு கியர் பொக்ஸின் முதல் கியர் 3.163. பெருக்கினால் 32.6. எஸ்ஜே413இல் டிஃபரன்ஷல் 3.73, ட்ரான்ஸ்பர் லோ 2.268, ஐந்து கியர் பொக்ஸின் முதல் கியர் 3.652. பெருக்கினால் 30.9. அதாவது பெரிய எஞ்சின் வந்த வண்டிக்கு சுசுக்கி கியரை உயர்த்தி, அதாவது பெருக்கும் எண்ணைக் குறைத்து, கொடுத்திருக்கிறது, வீதியில் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக.

இப்போது கலப்புக்கு வருவோம். எஸ்ஜே410இன் ட்ரான்ஸ்பரையும் டிஃபரன்ஷலையும் அப்படியே வைத்துக்கொண்டு, 413இன் 1.3 எஞ்சினையும் ஐந்து கியர் பொக்ஸையும் போட்டால் முதல் கியர் லோவில் விகிதம் 37.7. உராய்வு இழப்பைத் தள்ளிவிட்டுச் சில்லில் கிடைக்கும் விசையைப் பார்த்தால்: பழைய 410இல் சுமார் 2,400 நியூட்டன் மீற்றர், முழு 413இல் சுமார் 3,100, கலப்பு வண்டியில் சுமார் 3,770, முழு 413 கியரோடு 1.6 போட்டால் சுமார் 3,980. கடைசி இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் ஐந்து வீதத்தைச் சுற்றித்தான். வட்டைக்குள் இந்த ஐந்து வீதத்தைக் காலால் உணர முடியாது. அதற்காகச் செய்யும் வேலையோ இரட்டிப்பு.

வீதியில் கதை மாறும். 195 அகலத்தில் 15 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீற்றர் போகும். மணிக்கு 80 கிலோமீற்றரில் பழைய 410 நாலாவது கியரில் நிமிடத்துக்கு 4,100 சுற்றுக் கத்தும். கலப்பு வண்டி ஐந்தாவது கியரில் 3,300 சுற்றில் போகும். முழு 413 கியர் என்றால் 2,650. கல்முனையில் இருந்து பொத்துவில் வரை A4 வீதியில் தினமும் ஓடுபவருக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். வட்டைக்குள் ஓடுபவருக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை.

டயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எஞ்சின் மாற்றுகிறவர் பெரும்பாலும் அதே கையோடு 31 அங்குல டயரும் போடுவார். அந்த டயர் முன்பிருந்ததைவிட விட்டத்தில் சுமார் 14 வீதம் பெரிது. 1.3இலிருந்து 1.6க்குப் போனதில் கிடைத்த 29 வீத முறுக்குவிசையில் பாதிக்கு மேல் டயருக்கே போய்விடும், மிச்சம் 13 வீதம். உயரமும் அழகும் கிடைக்கும், இழுவை கிடைக்காது.

மாற்றாமலே விடலாமா?

எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். எயார் கிளீனரைக் கழற்றிக் கார்பரேட்டருக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் தட்டு முழுச் செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் இழுபட்டோ, காலடியில் போட்ட தடித்த ரப்பர் பாய் இடித்தோ முக்கால் அளவில் நிற்கும் வண்டிகள் நிறைய. அப்படியென்றால் கால்வாசி எஞ்சினை இத்தனை நாளும் பாவிக்கவே இல்லை.

அடுத்தது, மட்டமான தார் வீதியில் நியூட்ரலில் விட்டு ஒரு ஆள் தள்ள வேண்டும். சிரமமில்லாமல் உருள வேண்டும். உருளாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது சில்லுப் பெயரிங் இறுகியிருக்கிறது. வாவிக்கரையில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் பிரேக் சிலிண்டர் துருப்பிடித்துத் திரும்பாமல் போவது மிகச் சாதாரணம்.

மூன்றாவது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். ஜீ வரிசை (1.3, 1.6) எஞ்சின்களுக்குச் சதுரச் சென்ரிமீற்றருக்கு 14 கிலோ புதுசு, 12 கடைசி எல்லை, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்10ஏயில் நாலு சிலிண்டரும் ஏறத்தாழ ஒத்து நிற்கின்றன, ஆனால் எல்லாமே தாழ்வு என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினைத் திருத்தப் போகும் காசை 1.3க்குப் போடுவதே புத்தி. ஒன்று மட்டும் தாழ்வு என்றால் வால்வு வேலை, அதற்காக எஞ்சின் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று, சொன்னால் கோபம் வரும்: லோ கியரையே போடாமல், முன் சில்லு ஹப்பைப் பூட்டாமல், பின் சில்லு இரண்டால் மட்டும் சேற்றில் போராடிவிட்டு "இஞ்சின் காணாது" என்பவர்கள் இருக்கிறார்கள். இறங்கி ஹப்பைத் திருப்ப அரை நிமிடம் போதும்.

1.3: எங்கே சுலபம், எங்கே சுலபமில்லை

எஃப்10ஏயின் கியர்பொக்ஸில் ஜீ13 நேராக உட்காராது. பெல் ஹவுசிங், அதாவது கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேரும் வாய், அதன் துளைகள் வேறு. அதனால் 410க்கு 1.3 போடுவதென்றால் எஞ்சின் மட்டும் வாங்கி வந்து பிரயோசனமில்லை. எஞ்சின், ஃப்ளைவீல், கிளச், ஐந்து கியர் பொக்ஸ், ஸ்டார்ட்டர், கியர்பொக்ஸ் மவுண்ட், கியர்பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்பருக்கும் இடையில் ஓடும் குட்டிப் புரொப்பலர் ஷாப்ட், எல்லாம் ஒரே 413இலிருந்தோ 1.3 எஞ்சின் உள்ள ஒரே மாருதி ஜிப்சியிலிருந்தோ (எஸ்ஜேயின் நீளச் சேஸி இந்தியத் தயாரிப்பு) எடுக்க வேண்டும். துண்டு துண்டாகச் சேர்த்தால் ஸ்டார்ட்டர் பல்லும் ஃப்ளைவீல் பல்லும் ஒத்துவராமல் ஒரு வாரம் போகும்.

கல்டஸ் காரிலும் 1.3 வந்தது, விலையும் இறக்கம். ஆனால் அது குறுக்கே படுத்திருந்த எஞ்சின். அதன் சம்ப் (அடியில் உள்ள ஒயில் தொட்டி), ஒயில் உறிஞ்சும் குழாய், மவுண்ட் கைகள், மானிஃபோல்ட், தண்ணீர் வெளியேறும் வாய் எல்லாம் கார் அமைப்புக்கு ஏற்றவை. உங்களிடம் ஏற்கெனவே 413 இருந்து, அதன் எஞ்சின் மட்டும் போய்விட்டது என்றால் பழைய எஞ்சினின் வெளிச்சாமான்களைக் கல்டஸ் புளொக்குக்கு மாற்றிக் கட்டலாம். மவுண்ட் போல்ட் ஏறும் இடங்கள் புளொக்கில் துளையிடப்பட்டு மரை வெட்டியிருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள். 410க்காக வெறுங்கையோடு போய்க் கல்டஸ் எஞ்சின் வாங்குவது வீண்.

ட்ரான்ஸ்பர் தனியாகத் தொங்குவது இந்த வண்டிகளின் பெரிய வசதி. வேகமானியின் கேபிளும் ட்ரான்ஸ்பரில் இருந்தே வருகிறது. அதனால் எஞ்சின், கியர்பொக்ஸ் எதை மாற்றினாலும் வேகமானி சரியாகவே காட்டும். டயர் மாறினால்தான் பொய் சொல்லும்.

ஒழுங்கான கராஜில் நாலைந்து நாள் வேலை. எடையில் பெரிய மாற்றம் இல்லை, புளொக் அலுமினியம். ரேடியேட்டரை மட்டும் 413இன் அளவுக்கு மாற்ற வேண்டும். முன் பிரேக் டிரம் ஆக உள்ள பழைய 410 என்றால் டிஸ்க்கும் அதோடு சேர்ந்த வேலைதான், தள்ளிப்போடக்கூடாது. எஸ்ஜே410 மொத்தமே 850 கிலோவைச் சுற்றிய வண்டி. பசளை மூட்டையோடு 80இல் போய்த் தண்ணீரில் நனைந்த டிரம்மை மிதித்தால் நிற்காது.

1.6: ஆசைப்படுவதில் நியாயம் உண்டு

413 வைத்திருப்பவருக்கு 1.6 உண்மையிலேயே நல்ல வழி. ஜீ16இன் பின்பக்கத் துளைகள் ஜீ13இன் கியர்பொக்ஸோடு ஒத்துப்போகும். போரை (சிலிண்டரின் விட்டத்தை) பெரிதாக்கியதைவிட ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை) நீட்டியதால்தான் இது 1.6 ஆனது, 1.3இல் போர் 74 மில்லிமீற்றர், இதில் 75. ஸ்ட்ரோக்கோ 90. அதனால் புளொக் உயரம் கூடியிருக்கிறது, கீழ்ச் சுற்றிலேயே இழுவை வருகிறது. பதுளை வீதி ஏற்றத்தில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு போகும் என்றால் அந்த நீண்ட ஸ்ட்ரோக்தான் காரணம்.

எட்டு வால்வா, பதினாறு வால்வா? பதினாறு வால்வு ஜீ16பீ குதிரைவலுவில் 95ஐத் தாண்டும். ஆனால் முறுக்குவிசையில் வித்தியாசம் சொற்பம். அந்தக் கூடுதல் வலு மேல்சுற்றில்தான் வருகிறது. சேற்றிலும் மணலிலும் யாரும் 5,500 சுற்றில் ஓடப்போவதில்லை. எட்டு வால்வே போதும். ஹெட்டும் பதிவு, பின்சுவரோடு இடப்பிரச்சினையும் குறைவு. இரண்டிலும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால் ஃபயர்வோலுக்கும் அதற்கும் இடையில் 20 மில்லிமீற்றராவது விட வேண்டும். எஞ்சின் மவுண்ட் ரப்பரில் ஆடும்போது மூடி சுவரில் இடித்துத் தெறித்தால், மழையில் நடுவழியில் நிற்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

உயரமான புளொக் என்றால் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். மேலே பொனட், கீழே முன் அக்சில். எஞ்சினை இறக்கி மவுண்டைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்திவிட்டு, சம்பின் அடியில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டுங்கள். முன் ஸ்பிரிங்கின் ரப்பர் ஸ்டொப்பர் முட்டும்வரை ஜாக்கி வைத்து அக்சிலைத் தூக்குங்கள். பிறகு களிமண்ணை அளந்து பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் எஞ்சினை உயர்த்த வேண்டும். கண்ணளவில் "கிடக்கு" என்று முடிவு செய்த வண்டிகள்தான் முதல் வாய்க்காலிலேயே சம்பைப் பிளந்துகொள்கின்றன. எஞ்சினை உயர்த்தினால் கார்பரேட்டருக்கு மேலே எயார் கிளீனர் பொனட்டில் இடிக்கும். அதற்குக் கிளீனர் பெட்டியை ஓரத்துக்கு மாற்றி ஹோஸ் போடுவதுதான் வழி, பொனட்டில் ஓட்டை வெட்டுவதல்ல.

எஸ்குடோக்களில் சில கார்பரேட்டர், சில இன்ஜெக்ஷன். இன்ஜெக்ஷன் சாய்ந்த இடத்தில் நிற்காமல் ஓடும்; குளக்கட்டில் சரிவாக ஏறும்போது கார்பரேட்டர் மிதவை பெற்றோலைக் கொட்டி எஞ்சினை மூச்சுத்திணற வைப்பது அதில் இல்லை. ஆனால் வயர் கட்டை முழுமையாக, கம்பியூட்டர் பெட்டியோடும் எல்லாச் சென்சரோடும், வெட்டாமல் எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய வயர் கட்டு உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். பெட்டியைக் காலடியில் பொருத்தவே கூடாது. வெள்ளக் காலத்தில் முதலில் நனைவது அந்த இடம்தான். டாஷ்போர்டுக்கு உள்ளே மேலே ஏற்றுங்கள். டாங்கிக்குள் உயர் அழுத்தப் பம்ப், திரும்பும் குழாய், உயர் அழுத்த ஹோஸ், கிளிப், எல்லாம் புதிதாக வேண்டும். கார்பரேட்டருக்குப் போட்ட சாதாரண ஹோஸை அதில் விட்டால் வெடித்து எஞ்சின் மேல் பெற்றோல் அடிக்கும். இந்த வேலையைச் செய்த கை இல்லாத கராஜ் என்றால் கார்பரேட்டரே பாதுகாப்பு.

410க்கு 1.6 போடலாமா? போடலாம். 413 கியர்பொக்ஸ் வேண்டும், 1.3க்குச் சொன்ன எல்லாமும் வேண்டும், அதற்கு மேல் இதுவும். டிஃபரன்ஷல் 4.11ஐ வைத்துக்கொண்டு 129 நியூட்டன் மீற்றரை அனுப்பினால் முன் சில்லின் வளையும் மூட்டு, அதாவது பேர்ஃபீல்ட், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபடி சேற்றில் முறுக்கும்போது உடையும். உடையும் இடம் எப்போதும் வண்டி திரும்ப வழியில்லாத இடமாகத்தான் இருக்கும்.

டீசல்: நீளம்தான் தீர்ப்பு

டீசலின் மேல் உள்ள மோகத்துக்குக் காரணம் புரிகிறது. 2சீ எஞ்சினின் சாமான் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், வேன் திருத்தும் எல்லாருக்கும் அதைத் தெரியும், கீழ்ச் சுற்றில் இழுக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாததால் தண்ணீருக்குள் தைரியமாக இறக்கலாம். நாள் முழுக்க வயலுக்கும் ஆலைக்கும் மூட்டை அடிக்கும் வண்டிக்கு இது நல்ல எஞ்சின்.

ஆனால் எந்த வண்டியில்? எஸ்ஜே குட்டைச் சேஸியின் வீல்பேஸ் 2,030 மில்லிமீற்றர். மாருதி ஜிப்சியினது 2,375. இந்த 345 மில்லிமீற்றரில்தான் டீசலின் வாழ்வும் சாவும். டவுன்ஏஸ் கியர்பொக்ஸோடு 2சீ உள்ளே போனால் மொத்த நீளம் கூடுகிறது. ட்ரான்ஸ்பரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஏற்கெனவே குட்டையான பின் புரொப்பலர் ஷாப்ட் இன்னும் குட்டையாகிச் சாய்வு கூடும். ஷாப்டின் முனை மூட்டான குரொஸ் மாதத்துக்கு ஒன்று போகும். ஜிப்சியில் இந்தப் பின்தள்ளலுக்கு இடம் இருக்கிறது, குட்டை எஸ்ஜேயில் இல்லை. குட்டை எஸ்ஜேக்கு டீசல் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

வேனின் கியர்பொக்ஸில் கியர் லீவர் நேராக மேலே வராது; கம்பிகளால் தூரத்திலிருந்து இயக்கும் அமைப்பு. அதை மேலே கொண்டுவரத் தனி வேலை. கிளச்சும் எஸ்ஜேயில் கேபிள், டவுன்ஏஸில் ஹைட்ரோலிக். மாஸ்டர் சிலிண்டர், குழாய், பெடலின் நெம்பு அளவு எல்லாம் மாறும். இதைத் தவிர்க்க, 2சீயைச் சுசுக்கி கியர்பொக்ஸோடு இணைக்கும் இடைத்தகட்டை லேத் பட்டறையில் வெட்டிப் போடுவதும் உண்டு. அந்தத் தகட்டில் கிராங்கின் மையமும் கியர்பொக்ஸ் இன்புட் ஷாப்டின் மையமும் 0.1 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போக வேண்டும். டயல் கேஜ் வைத்து அளக்காமல், போல்ட் துளை பொருந்திவிட்டது என்பதற்காகப் பூட்டினால் கிளச் தட்டின் நடுப்பகுதி கிழியும், கியர்பொக்ஸ் முன் பெயரிங் ஊளையிடும். பட்டறையில் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு பட்டறை.

எடை அடுத்த பிரச்சினை. இரும்புப் புளொக், இரும்பு எடை. முன் ஸ்பிரிங்கில் ஒரு தட்டுக் கூட்டாவிட்டால் மூக்குக் குத்தும். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் மணல் பாதையில், முன் பாரமான வண்டி மிதப்பதில்லை, உழுகிறது.

சூட்டைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2சீ சாகும் வழி அதுதான். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழும். கச்சான் காற்று வீசும் சிறுபோக அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் பதரும் வைக்கோல் தூசியும் பறக்கும். ரேடியேட்டரின் செதில்களுக்குள் அது போய் அடைத்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். வண்டி வேகமாகவும் ஓடுவதில்லை, காற்றும் வராது, பாரமும் இருக்கிறது. மூன்று வரிசைக் குழாய் ரேடியேட்டர், காற்றைச் சிதறவிடாமல் ஃபேனைச் சுற்றிக் கட்டும் கவசம், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மில்லிமீற்றர் இடைவெளி, இவை இல்லாமல் 2சீயை அந்தச் சின்ன மூக்குக்குள் அடைக்க வேண்டாம். பழைய 2சீ வாங்கும்போது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே, ஹோஸ் கல்லுப்போல் இறுகினால் ஹெட் வெடித்திருக்கிறது அல்லது கஸ்கட் போயிருக்கிறது. விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பெற்றோல் டாங்கியை டீசலுக்கு மாற்றும்போது உள்ளே கழுவித் துருவை எடுக்க வேண்டும், திரும்பும் குழாய் ஒன்று கூட்ட வேண்டும், தண்ணீர் பிரிக்கும் வடி ஒன்று வேண்டும். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் டீசலில் தானாக வராது. 2சீயின் டைனமோவின் பின்னால் உள்ள வெற்றிடப் பம்போடு சேர்த்தே எடுங்கள். கியர் விகிதமும் 413இனுடையதுதான் வேண்டும். 410இன் விகிதத்தோடு டீசலைப் போட்டால் நேர் கியரில் 80க்கு 4,100 சுற்று. அது அந்த எஞ்சின் மூச்சுவிடும் இடமல்ல.

குளோ பிளக் சூடாகும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும். யானை கடக்கும் வழியில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்கிறவருக்கு அந்தச் சில நொடி எவ்வளவு நீளம் என்று லாகுகல பக்கம் ஓடுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வேறு எஞ்சின்கள்? விட்டாராவின் 2.0, வீ6 எல்லாம் போட்டவர்கள் உண்டு. இடமும் ரேடியேட்டரும் அக்சிலும் சேர்ந்து அழும். புது ஜிம்னிகளுக்கு எஞ்சின் மாற்றுவது ஏபீஎஸ், எயார்பேக், கம்பியூட்டர் என்று போய்விடும். அந்த வண்டிகளை அப்படியே விடுங்கள்.

எது போட்டாலும் கெடும் இடங்கள்

சேஸி முதலில். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் நின்ற வண்டியில் புது மவுண்ட் ஒட்டும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீர் என்று வந்தால் சரி. மந்தமாக வந்தால் உள்ளே துரு. அந்த இடத்தில் நேராக ஒட்டினால் எஞ்சின் ஒரு நாள் தகட்டோடு பிய்ந்து வரும். 4 மில்லிமீற்றர் தகட்டை நீளமாக, முனைகள் சாய்வாக வெட்டி ஒட்டி, அதன்மேல் மவுண்டை வைக்க வேண்டும்.

மவுண்டை முழுதாக ஒட்டுவதற்கு முன் வண்டியைச் சில்லில் நிறுத்தி, குட்டிப் புரொப்பலர் ஷாப்டின் சாய்வைப் பாருங்கள். கியர்பொக்ஸ் வெளியச்சும் ட்ரான்ஸ்பர் உள்ளச்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் பிசகினால் 60இல் தொடங்கி 70இல் ஆசனமே நடுங்கும். இதை "சில்லு பலன்ஸ்" என்று நினைத்து டயர்க் கடைக்கு நாலு முறை போவார்கள்.

ட்ரான்ஸ்பர் மூன்று ரப்பரில் தொங்குகிறது. பெரிய எஞ்சினின் விசையில் அது உருளப் பார்க்கும், ரப்பர் கிழியும், லோ கியர் தானாகக் கழன்று விழும். புது ரப்பர் மூன்றும் எஞ்சின் செலவிலேயே சேர வேண்டிய கணக்கு.

புத்தகம்

எஞ்சின் வாங்குவதற்கு முன்பே மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் கேளுங்கள். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் எல்லாம் இருக்கிறது. மாற்றத்தைப் பதியாமல் ஓடுவது சட்டவிரோதம், விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். விற்றவரின் பற்றுச்சீட்டும், எஞ்சின் இலக்கம் எழுதிய இறக்குமதிப் பத்திரமும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம். எஞ்சின் புளொக்கில் அடித்த இலக்கத்தைத் துணியால் துடைத்து, பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். சுரண்டிய தடம் இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம். பெற்றோலிலிருந்து டீசலுக்குப் போனால் புகைச் சோதனையும் வேறு; 2008 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட வரி அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை.

யாருக்கு எது

குட்டை 410, பெரும்பாலும் வட்டையும் குளக்கட்டும், கிழமைக்கு ஒரு முறை அம்பாறை டவுன்: 1.3 எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும், 410இன் ட்ரான்ஸ்பரும் டிஃபரன்ஷலும் அப்படியே. 413 வைத்துக்கொண்டு மலையேற்றமும் நெடுவீதியும் ஓடுபவர்: எட்டு வால்வு 1.6, டயரைப் பெரிதாக்காமல். ஜிப்சி வைத்துத் தினமும் பாரம் ஏற்றுபவர், நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இருப்பவர்: 2சீ. மூன்று கிழமை வண்டி இல்லாமல் சமாளிக்க முடியாவிட்டால் டீசலைத் தொடவேண்டாம். சொன்ன திகதிக்கு அது முடியாது.

வண்டி கைக்கு வந்ததும் முதல் 500 கிலோமீற்றரில் பாரம் ஏற்றாதீர்கள். அதற்குப் பிறகு எஞ்சின் ஒயிலை மாற்றி, எஞ்சின் மவுண்ட், கியர்பொக்ஸ் மவுண்ட், ட்ரான்ஸ்பரின் மூன்று போல்ட், புரொப்பலர் பிளாஞ்ச் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். தண்ணீரில் இறங்கி வந்த அன்று இரவு வண்டியை அசையாமல் விட்டு, அடுத்த நாள் காலை ட்ரான்ஸ்பர், டிஃபரன்ஷல் வடிகால் நட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ பால்போல் வெள்ளை வந்தாலோ ஒயிலை அன்றே மாற்றிவிட்டு, மூச்சுக் குழாயை ஹோஸ் போட்டுப் பொனட் உயரத்துக்கு ஏற்றுங்கள்.